அத்தானுக்கு ஒரு வேக எச்சரிக்கை

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு.

அன்புள்ள அத்தானுக்கு,



கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு பினாங்குக்கு வரப்போவதாக அக்கா போனில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்தாகிவிட்டது, அங்கே நானே கார் ஓட்டுவேன் என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்ததும் அந்தச் சந்தோஷத்தில் பாதி இறங்கிவிட்டது. காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தவர் என்று நம் சொந்தபந்தத்தில் உங்களுக்கு ஒரு பெயர் உண்டு. நடுவில் புதுக்கோட்டையில் பத்து நிமிஷம் காபிக்கு நின்றதாகவும் சொல்வீர்கள். அந்தப் பெயரை ஊரிலேயே பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு வரவும். ஏன் என்பதை விவரமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இங்கேயும் சாலையில் இடது பக்கம்தான். ஸ்டியரிங் வலது பக்கம். மாடு குறுக்கே வருவதில்லை. தார்ச்சாலையில் யாரும் நெல் காயப்போடுவதில்லை. கட்டண நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ., மற்ற பெரிய சாலைகளில் 90, ஊருக்குள் 60 என்று வேக வரம்பு. பெருநாள் காலத்தில் அந்த 90ஐ 80 ஆகக் குறைப்பதும் உண்டு. நீங்கள் பார்க்க ஆசைப்படும் பினாங்குப் பாலத்தில் 80. பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் கடல். 1985இல் அப்போதைய பிரதமர் மகாதீர் புத்தம்புதிய புரோட்டான் சாகா காரில் போய்த் திறந்து வைத்தார். அப்போது பொதுப்பணித் துறை நம் சாமிவேலுவிடம் இருந்தது. தீவுக்குள் வரும் காருக்குத்தான் 5.74 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம், வெளியே போகக் காசு கிடையாது. "உள்ள வரும்போதுதான் கையில காசு இருக்கும், வெளிய போறவன்கிட்ட என்னத்த வாங்குறது?" என்று எங்கள் தொழிற்சாலையில் ஓர் அண்ணன் இதற்கு விளக்கம் சொல்வார். என் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் இலவசம். 2019 ஜனவரியிலிருந்து மோட்டார்களுக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

நல்லது இத்தோடு முடிந்தது. இனி கேமரா.

நெடுஞ்சாலை ஓரத்திலும் சில சமிக்ஞை விளக்குகளிலும் கம்பத்தின் மேல் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்பே, கேமரா இருக்கிறது என்று படம் போட்ட பலகை நட்டிருப்பார்கள். எந்த இடங்களில் இருக்கிறது என்ற பட்டியலையும் சாலைப் போக்குவரத்து இலாகாவே வெளியிட்டிருக்கிறது. திருடன் வருகிற வழியில் போலீஸ் நிற்கிறது என்று தமுக்கடித்துச் சொல்லியும் தினமும் ஆள் மாட்டுகிறது என்றால், கால் எவ்வளவு கனமான உறுப்பு என்று பாருங்கள். இது போக, போலீஸ்காரர்கள் லேசர் கருவியோடு நடைபாலத்தின் மேலும் மரநிழலிலும் நிற்பார்கள். அங்கேயாவது எதிரில் ஒரு மனுஷன் இருக்கிறார். மனைவிக்குப் பிரசவம் என்று சொல்லிப் பார்க்கலாம். பெட்டியிடம் என்னத்தைச் சொல்வது?

உங்கள் கார் கண்ணாடியில் இருக்கிற வக்கீல் ஸ்டிக்கர், பத்திரிகை ஸ்டிக்கர், ஒன்றியக் கவுன்சிலர் உறவினர் என்று தெரிவிக்கும் அந்த மூன்றாவது ஸ்டிக்கர், எதையும் இது படிக்காது. நம்பர் பிளேட்டை மட்டும் படிக்கும். யாருக்காவது போன் போட்டு நீட்டலாம் என்றால் வாங்கக் கை கிடையாது. லஞ்சத்துக்குக் காப்பிக் காசு என்று பெயர் வைத்த ஒரு பழக்கம் இங்கேயும் பேச்சில் அடிபடும். கேமராவுக்குக் காப்பி குடிக்கும் வழக்கமே இல்லை. உங்கள் செல்வாக்கு ஒரு கம்பத்திடம் தோற்பதை அக்கா பின்சீட்டிலிருந்து பார்ப்பாள் என்பதுதான் எனக்குக் கவலை.

கேமராவில் மாட்டினால் சம்மன் ஓலை வாகனத்தின் உரிமையாளர் பெயருக்கு வீட்டுக்கு வரும். நான் மேலே சொன்ன அண்ணனுக்கு அப்படித்தான் வந்தது. சனிக்கிழமை இங்கே பாயான் லெப்பாஸில் ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். உறையைப் பிரித்தது அண்ணி. நாள் சனிக்கிழமை, இடம் பேராக் மாநிலத்து நெடுஞ்சாலை, வேகம் நூற்று முப்பதுக்கு மேல் என்று வரிசையாக இருந்ததாம். அந்த மாநிலத்து ஈப்போவில் இருக்கும் தம்பிக்கு ரகசியமாகப் பணம் கொடுத்துவிட்டு வந்த கதை அன்றைக்கே வெளியே வந்துவிட்டது. வேகத்தைப் பற்றி அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியைப் பற்றிய விசாரணைதான் இன்னும் முடியவில்லை. அரசாங்கத்துக்கு 300 வெள்ளிக்குள் முடிந்துவிடும், வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது என்பது அண்ணனின் அனுபவ வாக்கு. 300 வெள்ளி என்றால் நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல், அத்தான். பென்ஸில் போகிற முதலாளிக்கும் அதே தொகைதான், கடன் தவணையில் ஓடுகிற மைவி காருக்கும் அதே தொகைதான்.

இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவரின் கதை உங்களுக்குப் பிடிக்கும். மௌஸ் காட்சோனிடஸ் என்ற டச்சுக்காரர், கார்ப் பந்தய வீரர். 1953இல் மாண்ட்டி கார்லோ பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். வளைவுகளில் தன் கார் என்ன வேகத்தில் திரும்புகிறது என்று துல்லியமாகத் தெரிந்தால் இன்னும் வேகமாகப் போகலாமே என்று ஒரு கருவி செய்தார். அதுதான் பிற்பாடு போலீஸ் கைக்குப் போய் உலகமெங்கும் வேகக் கேமராவாக நிற்கிறது. வேகம் பிடித்த ஒருத்தர் இன்னும் வேகமாகப் போக ஆசைப்பட்டதன் பலனை நாமெல்லாரும் தவணை முறையில் கட்டிக்கொண்டிருக்கிறோம். நீங்களும் ஏதாவது கண்டுபிடித்துவிடாதீர்கள்.

மலேசியாவுக்கு இந்தத் தானியங்கிப் பெட்டி 2012 செப்டம்பரில் வந்தது. ஏ.இ.எஸ். என்று பெயர். முதலில் பேராக், சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயாவில் 14 கேமராக்கள். நாடு முழுக்க 831 இடங்களில் வைப்பதாகத் திட்டம். அதை நடத்தத் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்து, சம்மனுக்கு இவ்வளவு என்று அவர்களுக்குப் பங்கும் வைத்தார்கள். ஜனங்களுக்குக் கோபம் வந்தது. பிடிபட்டதற்குப் பட்ட கோபத்தைவிட, தன்னைப் பிடித்ததில் எவனோ ஒருவன் லாபம் பார்க்கிறானே என்ற கோபம்தான் பெரிது. அப்போது எதிர்க்கட்சிகள் ஆண்ட பினாங்கு, சிலாங்கூர், கெடா, கிளந்தான் மாநிலங்கள் எங்கள் பக்கம் இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுத்தி வைத்தன. கேமராவை எதிர்த்தால் ஓட்டு விழும் என்று கட்சிகளுக்குப் புரிந்துவிட்ட ஆண்டு அது. டிசம்பரில் நீதிமன்றத்தில் இருந்த ஏ.இ.எஸ். வழக்குகளையும் சட்டத்துறைத் தலைவர் நிறுத்தி வைத்தார்.

அப்புறம் என்ன, நம் ஊரில் நடக்கிறதுதான். பெயரை மாற்றினார்கள். 2017இல் அவாஸ் என்று புதுப் பெயர் வைத்து, குற்றத்துக்குக் குற்றம் புள்ளி ஏறும் கெஜாரா முறையையும் அதோடு சேர்த்தார்கள். புள்ளிகள் ஏற ஏற எச்சரிக்கை, அதற்குமேல் உரிமம் மாதக்கணக்கில் முடக்கம். 2018இல் ஆட்சியே மாறியது. கட்டாமல் கிடந்த முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.இ.எஸ். சம்மன்களைப் புது அரசாங்கம் ஒரே அறிவிப்பில் ரத்து செய்தது. கேமராக்களை அதை நடத்திய கம்பெனியிடமிருந்து எடுத்துச் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கொடுத்தார்கள். ஓலை வந்த அன்றைக்கே ஓடிப்போய் ஒழுங்காகக் கட்டியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் கூட்டுறவுக் கடனைத் தவறாமல் கட்டியவர், தள்ளுபடி அறிவித்த அன்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தாரே, அதே முகம்.

இங்கேதான் விஷயம் ருசியாகிறது. கேமரா கண்டிப்பானதுதான், கேமராவுக்குப் பின்னால் இருக்கிற கல்லாப்பெட்டி அவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. 2025 வரை, சம்மன் கட்டாதவர்கள் பெருகப் பெருக, போலீஸும் இலாகாவும் கழிவு அறிவித்து வந்தன. ஐம்பது சதவிகிதக் கழிவு வந்தது, சில சமயம் அதற்கு மேலும் வந்தது. 2021 டிசம்பரில் கோலாலம்பூரில் அரசாங்கம் நடத்திய நூறு நாள் விழாவில் போலீஸ் சம்மனுக்கு 80 சதவிகிதம் வரை கழிவு. கோவிட் கட்டுப்பாடெல்லாம் இருந்த காலத்திலும் கூட்டம் அப்படி முண்டியடித்தது. தி.நகரில் ஆடித் தள்ளுபடிக்குப் புடவைக் கடை வாசலில் நிற்கிற கூட்டத்தை அபராதம் கட்டுவதற்கு நிற்க வைத்த பெருமை இந்த நாட்டுக்கே உரியது. "இப்ப ஏன் கட்டணும்? இன்னும் ஆறு மாசத்துல ஆஃபர் வரும் லா" என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னபோதெல்லாம், அபராதமா, குளிர்சாதனப் பெட்டியா என்று சந்தேகம் வந்தது. சம்மன் கட்டாவிட்டால் சாலைவரியைப் புதுப்பிக்க விடாமல் பெயரைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றுவார்கள்; அப்போதுதான் மாமா முகத்தில் கொஞ்சம் கவலை தெரியும்.

இந்தக் கழிவுக் காத்திருப்புக்கும் இப்போது வழி செய்துவிட்டார்கள். 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து போலீஸுக்கும் போக்குவரத்து இலாகாவுக்கும் ஒரே கணக்கு. சம்மன் வந்து 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. 16 முதல் 30 நாளுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு குறையும். 31 முதல் 60 வரை முழுத் தொகை. அறுபது நாளும் தாண்டினால் நீதிமன்றம். இனிமேல் திருவிழாக் கழிவு கிடையாதாம். அதற்கு முந்தைய இரண்டு மாதம், பழைய பாக்கிகளுக்குக் கடைசி முறையாகப் பாதி விலை கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மாமா அதிலும் கடைசி வாரம்வரை பொறுத்திருந்து பார்த்தார். கழிவு ஏறவில்லை என்றதும் மனம் உடைந்து கட்டிவிட்டார். முப்பது வருஷத்துச் சேமிப்பை இழந்தவர்போல இரண்டு நாள் பேசவில்லை.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கேமரா எங்கே, போலீஸ் எங்கே என்று வேஸ் செயலியில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வார்கள். எதிரே வருகிறவர் முன்விளக்கை இரண்டு தடவை மின்னினால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பேதம் பார்க்காமல் எல்லாரும் மின்னுவார்கள். இந்த நாட்டின் இன ஒற்றுமையை நான் கண்ணால் கண்ட இடம் அதுதான். பெட்டி வைத்திருக்கிற இடத்துக்கு ஐந்நூறு மீட்டர் முன்னால் எல்லா வண்டியும் சாதுவாகிவிடும். தாண்டிய மறுநிமிஷம் மைவிகள் பறக்கும். மைவி என்பது 2005இல் வந்த சின்னக் கார். நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து முட்டுகிற மாதிரி வந்து விளக்கடித்தால் அது மைவியாகத்தான் இருக்கும் என்று மலேசியாவே சிரிக்கும்.

விபத்து நடந்தால் ஒரு கூட்டம் கூடும். அதில் நாலு பேர் நசுங்கிய காரின் நம்பரைக் கவனமாகக் குறித்துக்கொள்வார்கள். சாட்சி சொல்லப் போகிறார்கள் என்று வந்த புதிதில் நினைத்தேன். நாலு நம்பர் லாட்டரியில் கட்டுவதற்காம். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியை ஒழித்தபோது நீங்கள் பட்ட துக்கம் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்லத் தயங்கினேன். ஆனால் லாட்டரியை ஒழுங்காகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2010இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், வேக வரம்புக்குள் போகிறவர்களையும் கேமரா படம் பிடித்து, வேகமாகப் போனவர்கள் கட்டிய அபராதப் பணத்திலிருந்து குலுக்கல் முறையில் பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி வேகம் 32 கிலோமீட்டரிலிருந்து 25க்கு இறங்கியதாம். மெதுவாகப் போனதற்குப் பணம் கிடைக்கும் என்றால் நீங்கள் காரைத் தள்ளிக்கொண்டே போவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். 2025 ஜூன் 9ஆம் தேதி அதிகாலையில் பேராக் மாநிலம் கிரிக் பக்கத்தில் ஒரு பஸ் கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்து மாணவர்கள் 15 பேர் இறந்துபோனார்கள். நாளைக்கு ஆசிரியர்களாக வேண்டிய பிள்ளைகள். அன்றைக்கு எங்கள் தொழிற்சாலைக் கேண்டீனில் யாரும் கேமராவைத் திட்டவில்லை. அதற்குப் பிறகுதான் கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேலை செய்கிறதா என்று அக்டோபரிலிருந்து கெடுபிடியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் சாதுவாகிறவர்களைப் பிடிக்கப் புள்ளிக்குப் புள்ளி சராசரி வேகம் கணக்கிடும் முறைக்கு மாறப்போவதாகவும் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் சொன்னார்.

அந்த முறை எப்படி என்றால், ஓர் இடத்தில் ஒரு கேமரா நம்பரையும் நேரத்தையும் குறிக்கும். முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று குறிக்கும். நீங்கள் பதினைந்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தால் வேகம் 120. நடுவில் எந்தக் கேமராவைக் கண்டு எத்தனை தடவை பிரேக் போட்டீர்கள் என்பது பற்றி அதற்கு அக்கறையில்லை. தப்ப வேண்டுமானால் வழியில் இறங்கி உட்கார்ந்து ஒரு தே தாரிக் டீ குடிக்கலாம். அவ்வளவு நிதானம் இருக்கிறவன் ஏன் வேகமாகப் போகப்போகிறான்? உங்கள் திருச்சிப் பயணத்தையும் இதே முறையில் போட்டுப் பார்த்தேன். தொண்ணூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், அதில் புதுக்கோட்டைக் காபிக்குப் பத்து நிமிஷம் போனால் மணிக்கு 108. கேமராவே தேவையில்லை, கல்யாண வீடுகளில் நீங்களே கொடுத்த வாக்குமூலம் போதும்.

நெடுஞ்சாலை கிடக்கட்டும், ஜார்ஜ் டவுனுக்குள் உங்களால் வேகமாகப் போக முடியாது. இங்கே வேறு வம்பு. காருக்கு முந்தைய காலத்தில் போட்ட தெருக்கள். பல தெருக்கள் ஒருவழி. லெபோ சூலியாவில் நுழைந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் திரும்பத் தவறினால் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் அதே இடத்துக்கு வர வேண்டும். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்த ஊர், இடித்து அகலப்படுத்தவும் முடியாது. நிறுத்த இடம் கிடைப்பது முருகன் அருள். லிட்டில் இந்தியாவில் பூ வாங்கவும், லைன் கிளியர் நாசி கண்டார் கடைக்குச் சோறு வாங்கவும் வருகிறவர்கள் நின்ற காருக்குப் பக்கத்தில் இன்னொரு காரை நிறுத்திவிட்டு, போன் நம்பரைக் கண்ணாடிக்குப் பின்னால் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். பெருந்தன்மைக்காரர்கள் ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டும் போவார்கள், தேவைப்பட்டவர் தள்ளிக்கொள்ளட்டும் என்று.

இதற்கெல்லாம் கணக்குத் தீர்க்க மாநகர் மன்றம் இருக்கிறது. தெருவெங்கும் கண்காணிப்புக் கேமரா. 2019 ஜனவரியில் முகத்தை அடையாளம் காணும் கேமராவை நாட்டிலேயே முதலில் வைத்த மாநிலம் பினாங்கு. அதே ஆண்டில் நிறுத்தக் கட்டணத்தையும் போன் செயலிக்கு மாற்றினார்கள். சில்லறை இல்லை என்ற சாக்கும் போனது. இடம் தப்பி நிறுத்தினால் சக்கரத்துக்குப் பூட்டு விழும். பரோட்டா கட்டி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் கார் கால்கட்டோடு நிற்கும். அங்கே நின்று "நான் யார் தெரியுமா?" என்று கேட்டால், யாரென்று கேமராவுக்குத் தெரிந்தே இருக்கும்.

எந்த வேக வரம்புக்கும் பயப்படாத ஒரே வண்டி இந்த ஊரில் தைப்பூசத்து வெள்ளி ரதம்தான். 1894இல் நம் நகரத்தார் செய்துகொண்டு வந்த ரதம். லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்கு நாள் முழுக்கப் போகும். வழிநெடுகத் தேங்காய் மலை மலையாக உடையும், சாலைகளை மூடி போலீஸே முன்னால் நடந்து வழிவிடும். சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் சம்மன் வராது. சாலையில் ராஜமரியாதை வேண்டுமானால் நூற்று முப்பது வருஷமாக நடைவேகத்தில் போக வேண்டும் போல.

இவ்வளவும் படித்துவிட்டு, "பார்த்தியா, வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுக்காரன்தான்" என்று நினைத்துவிடாதீர்கள். 2022இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,080 பேர். இங்கே இறக்கிறவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் என்னைப் போல மோட்டாரில் போகிறவர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 17,884 பேர். இவர்கள் ஜனத்தொகை மூன்றேகால் கோடிதான். நம் அளவு ஜனம் இருந்தால் இவர்கள் கணக்கும் பதினாலாயிரத்தைத் தாண்டும். கேமரா, புள்ளி, பூட்டு எல்லாம் வைத்தும் நமக்கும் இவர்களுக்கும் நடுவில் இருக்கிற தூரம் அவ்வளவுதான். பத்து வருஷமாகக் கேமரா பிடித்ததைக் கழிவும் ரத்தும் அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பக்கமும் 2019 சட்டத்தில் அபராதத்தை ஆயிரக்கணக்கில் ஏற்றினார்கள். கேரளத்தில் 726 கேமராக்கள் கொண்ட திட்டம் 2023 ஜூனில் அபராதம் போடத் தொடங்கியது. தொகையை எவ்வளவு ஏற்றினாலும், கட்டாமல் காலம் தள்ளலாம் என்று தெரிந்த நாட்டில் எவன் காலும் பிரேக்குக்குப் போகாது. சின்னத் தொகையானாலும் பதினைந்து நாளில் கட்டியாக வேண்டும், யார் சொன்னாலும் குறையாது என்றால் தானாகப் போகும். ஜனவரியில் வந்த கணக்கு நிலைத்தால் இந்த ஊர் அடங்கும். அடுத்த தேர்தலுக்கு முன்னால் இன்னொரு கழிவு வந்தால் அடங்காது. என் தீர்ப்பு இதுதான்.

ஆகவே அத்தான், வருவதற்கு முன் ஊரிலேயே சில ஒத்திகைகள் பாருங்கள். பெல்ட் போடுங்கள், இங்கே பின்சீட்டுக்கும் 2009இலிருந்து பெல்ட் கட்டாயம், அக்காவுக்கும் பழக்கி அழைத்து வாருங்கள். சின்னவனுக்குக் குழந்தை இருக்கை நான் இங்கே ஏற்பாடு செய்கிறேன். 2020இலிருந்து அதுவும் சட்டம். ஓட்டும்போது போனைக் கையில் எடுக்காதீர்கள். மஞ்சள் விளக்கு விழுந்தால் நில்லுங்கள். அது வேகத்தைக் கூட்டச் சொல்லும் விளக்கு என்று நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததை நான் மறந்துவிட்டேன், நீங்களும் மறந்துவிடுங்கள். திருச்சிக்கு ஒரு தடவை இரண்டு மணி நேரத்தில் போய்ப் பாருங்கள். வழியில் இருக்கிற ஊர்களெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

வாடகைக் கார் நான் எடுத்து வைக்கிறேன். ஜார்ஜ் டவுனுக்குள் சுற்ற இலவச கேட் பஸ் இருக்கிறது. பாலத்தையும் பார்க்கலாம், தண்ணீர்மலையும் ஏறலாம், நாசி கண்டாரும் சாப்பிடலாம். சாவி மட்டும் என்னிடம் இருக்கும். வருத்தப்படாமல் வந்து சேரவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்.